பிறவிச் சளி பிடித்த பீம்

1993 ஐப்பசியில், செங்கம் சாலை லாட்ஜின் மாடியைத் தாங்கிய கான்கிரீட் பீம் தும்மியது. அடியில் உட்கார்ந்திருந்த சந்திரகலாவின் தலையில் ஒரு கைப்பிடி சிமெண்ட் உதிர்ந்தது. அவள் முந்தானையால் தட்டிவிட்டு, வந்தவருக்கு அறைச் சாவியைக் கொடுத்தாள்.

தப்பு அவள் கணவர் கோதண்டராமனுடையது. திருவண்ணாமலை தனி மாவட்டமான 1989இல், இனி கூட்டம் கொட்டும் என்று கட்டடம் தொடங்கியவர், பீமுக்குக் கம்பி கட்டி முடித்ததும் ஜோசியரிடம் போனார். முதல் வருஷம் அவருக்கு நேரம் சரியில்லை, அடுத்த வருஷம் மனைவிக்கு, மூன்றாம் வருஷம் ஜோசியருக்கே சரியில்லை. மூன்று மழைக்காலம் கம்பிகள் வெற்றுடம்போடு நனைந்து துருவேறி நின்றன. நல்ல நேரம் வந்ததும், அது தவறிவிடுமே என்று துருவைச் சுரண்டாமலே கான்கிரீட்டைக் கொட்டிவிட்டார்கள். ஆக, பீமுக்குப் பிறவிச் சளி. சித்திரை வெயிலில் சும்மா இருக்கும். ஐப்பசி பிறந்தால் ஆரம்பித்துவிடும். சந்திரகலா விரிசல்களில் தைலம் தடவி, அண்டாவில் நொச்சி இலை கொதிக்கவைத்து ஆவி காட்டுவாள்.

2001 கார்த்திகை தீபத்துக்கு முன்பு, கட்டடங்களைச் சோதிக்கும் பொறியாளர் இளஞ்செழியன் வந்து சுத்தியலால் தட்டினார். பீம் அவர் முகத்திலேயே தும்மியது.

"உள்ள கம்பி துருப்புடிச்சி ஊதிப்போயிருக்குதும்மா. பாதி பலம்கூட இருக்காது. லாட்ஜை மூடிடுங்க."

"தீபத்துக்கு மூடினா வருஷம் பூரா நாங்க என்னத்த சாப்புடறது சார்?"

"இடிஞ்சி விழுந்தா சாப்புடவே வேணாம்."

"நல்ல நாள் பாத்து மூடலாமா?" என்றார் கோதண்டராமன்.

"நீங்க சும்மா இருங்க. பாத்த வரைக்கும் போதும்," என்றாள் சந்திரகலா.

மாடியில் மணல் மூட்டைகளை ஒரு நாள் அடுக்கிவைத்துப் பார்ப்பது, இறக்கியதும் பீம் நிமிராவிட்டால் பூட்டுவது என்று முடிவானது. அன்று பார்த்து மழை. பீம் நடுங்கியபடி தொய்ந்து தொய்ந்து, இளஞ்செழியன் தலைக்கு ஒரு சாண் மேலே வந்து நின்றது. சந்திரகலா அடியைவிட்டு நகரவில்லை. அண்டா ஓயாமல் கொதித்தது. மூட்டைகளை இறக்கியதும் பீம் சோம்பல் முறித்து, பழைய இடத்துக்கும் இரண்டு விரல் மேலே போய் நின்றது. மாடியில் சில கதவுகள் திறக்கவில்லை. இளஞ்செழியன் நாடாவைப் பிடித்துத் திரும்பத் திரும்ப அளந்தார்.

"சொல்லுங்க சார், இன்னும் எத்தன வருஷம் தாங்கும்?"

அவர் நாடாவைச் சுருட்டிப் பையில் போட்டார். படித்தது ஒன்று, தலைக்கு மேல் நிற்பது வேறொன்று. கடைசியில் வாயைத் திறந்தபோது பீம் தும்மியது. வீட்டில் கைக்குழந்தை தும்மும்போதெல்லாம் ஆயுசு சொல்லி வாழ்த்துபவர். பழக்க தோஷத்தில், "நூறு" என்று சொல்லிவிட்டார்.

"சாரே சொல்லிட்டாரு," என்று சந்திரகலா அண்டாவை இறக்கினாள். அந்தத் தீபத்துக்கு எல்லா அறைகளும் நிரம்பின. இளஞ்செழியன் ஐப்பசிதோறும் வருகிறார். பீம் இரண்டாவது முறை தும்மினால், "இருநூறு" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டடத்துக்குப் போகிறார்.