திரையில் ஐந்து ரோஸ் கோடுகள்

வாரண்டி முடிய இன்னும் முப்பத்தைந்து நிமிஷம்தான் இருந்தது.

செங்கல்பட்டு சர்வீஸ் சென்டரின் சுவர்க் கடிகாரத்தை ஹம்சினி பார்த்தாள். ஐந்து இருபத்தைந்து. இன்றுதான் கடைசி நாள்; ஆறு மணிக்கு ஷட்டர் இறங்கினால் லேப்டாப்பின் ஒரு வருஷ வாரண்டியும் போச்சு. மாமல்லபுரத்தில் அவள் வீட்டுக் கூடத்தில் கம்ப்யூட்டர் கற்கும் ஒன்பது பெண்களுக்கு இருப்பது இந்த ஒரே லேப்டாப்தான். அடுத்த மாதம் பரீட்சை. திரையிலோ மேலிருந்து கீழாக ரோஸ் கோடுகள். போன வாரம் ஒன்று, இன்று ஐந்து.

மானேஜர் ராமதாஸ் ஆன் செய்து பார்த்தார். புருவம் உயர்ந்தது.

"கம்பெனி போட்ட விண்டோஸ் எங்கம்மா?"

"எடுத்துட்டு லினக்ஸ்னு இலவச சாஃப்ட்வேர் போட்டிருக்கேன். மெனுவெல்லாம் தமிழ்லயே வருது."

"அப்ப வாரண்டி கிடையாது. அந்த சாஃப்ட்வேர்தான் கோடு போடுது." ஒரு தாளைத் தள்ளினார். "இதுல ஒரு கையெழுத்து."

'வாடிக்கையாளர் செய்த மாற்றத்தால் பழுது' என்று அதில் அச்சடித்தே வைத்திருந்தார்கள்.

"இன்னா சார், மெஷினைத் திருப்பிக்கூடப் பாக்கல, அதுக்குள்ள கையெழுத்தா?" என்றாள் ஜெசிந்தா. காலையில் மீன் விற்றுவிட்டு மத்தியானம் கீபோர்டு தட்டும் ஹம்சினியின் மாணவி. துணைக்கு வந்தவள்.

ஹம்சினி பேனாவைத் தொடவில்லை.

"சாஃப்ட்வேர் டிஸ்க்குலதானே சார் இருக்கு? டிஸ்க்கைக் கழட்டிட்டு ஆன் பண்ணுங்க. கோடு போயிடுச்சுன்னா கையெழுத்துப் போடறேன்."

ராமதாஸ் சிரித்தார். டிராயரிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்து நீட்டினார்.

"நீங்கதான் எல்லாம் தெரிஞ்சவங்களாச்சே. கழட்டுங்க."

அவள் கை நீண்டது. பாதி வழியில் நின்றது. ஸ்க்ரூ தலையை மறைத்து ஒரு வெள்ளை ஸ்டிக்கர். பொடி எழுத்தில், 'கிழித்தால் வாரண்டி செல்லாது.'

"நல்லாருக்கு சார் உங்க விளையாட்டு. உங்க ஆளையே கழட்டச் சொல்லுங்க."

ராமதாஸின் சிரிப்பு காணாமல் போனது. மெக்கானிக் பாலா வந்தான். ஸ்டிக்கர் கிழிந்தது, டிஸ்க் வெளியே வந்தது. ஸ்விட்சை அழுத்தினான்.

கறுப்புத் திரை. 'டிஸ்க் இல்லை' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. அதைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஐந்து ரோஸ் கோடுகள்!

"போடு!" என்று தொடையில் தட்டினாள் ஜெசிந்தா. "ஆளே இல்லாத வூட்ல யாரு சார் கோலம் போட்டுகினு கீறாங்க?"

"கடலோரம்..." ராமதாஸ் அடுத்த சாக்கைத் தேடினார். "உப்பு அரிச்சிருக்கும்."

"துளி துரு இல்ல சார்" என்றான் பாலா, குனிந்தபடியே. எப்படி இருக்கும்? செருப்புக் கடையில் கேட்டு வாங்கிய, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்களோடு, மூடி போட்ட டப்பாவில் அல்லவா ஹம்சினி தினமும் லேப்டாப்பைத் தூங்க வைக்கிறாள்!

"இருந்தாலும் ரூல்னு ஒண்ணு இருக்கும்மா."

"சரி சார். அதையே எழுதிக் குடுங்க. டிஸ்க்கைக் கழட்டின பிறகும் கோடு இருந்தது, இருந்தாலும் சாஃப்ட்வேர்தான் காரணம்னு. கீழ உங்க பேரு, கையெழுத்து, சீல். நான் ஹெட் ஆபீஸ்ல பேசிக்கறேன்."

பேனா இப்போது ராமதாஸ் கையில். மணி ஐந்து ஐம்பது. ஹம்சினி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஷட்டரை இறக்க வந்த வாட்ச்மேனை ஜெசிந்தா பார்த்த பார்வையில் அவன் வாசலிலேயே நின்றுவிட்டான்.

ஐந்து ஐம்பத்தாறு. ராமதாஸ் அச்சடித்த தாளைக் கசக்கினார். வேறு தாள் எடுத்தார். 'வாரண்டியில் ஏற்கப்பட்டது. திரை மாற்றவும்.' தேதி, நேரம், சீல்.

"பத்து நாள் ஆகும்" என்றார் முகம் பார்க்காமல். "டிஸ்க்கை வச்சிட்டுப் போங்க. பழையபடி விண்டோஸ் போட்டே தரோம்."

"திரையை மாத்துங்க, போதும்." மேஜைமேல் கிடந்த டிஸ்க்கை ஹம்சினி எடுத்தாள். "உள்ள என்ன இருக்கணும்னு நான் பாத்துக்கறேன்."

திருக்கழுக்குன்றம் வழி பஸ்ஸில் கூட்டம். லேப்டாப்பைக் கொண்டுவந்த டப்பாவில் இப்போது சிலிக்கா பொட்டலங்களுக்கு நடுவே டிஸ்க் மட்டும். அதை ஜெசிந்தா மடியில் வைத்து இரு கையாலும் பிடித்திருந்தாள்.

"டீச்சர், நம்ம பாடமெல்லாம் இதுக்குள்ளதான் கீதா?"

"எல்லாமே."

"யண்ணா, தள்ளி நில்லு!" என்று பக்கத்தில் சாய்ந்தவரை அதட்டினாள் ஜெசிந்தா.