இருபதுக்குக் கீழே

வலது கையைத் தோளுக்கு மேல் தூக்கினால் கம்பிக்காரனுக்கு உயிர் போய் உயிர் வரும். மூன்று வருட வலி. மண் பரிசோதனை அலுவலகத்துக்காகத் திருகுகம்பியைத் தரையில் முறுக்கி இறக்கி மண்ணெடுப்பவன் என்பதால் அந்தப் பெயர்.

இன்று கம்பியை இறக்க வேண்டியது அக்கா புருஷனின் பட்டறையில். அவர் இரும்புக் குழாய்களுக்கு நிக்கல் முலாம் பூசுகிறவர். தொட்டி கசிந்து மண் கெட்டுவிட்டது என்று நான்கு மாதத்துக்கு முன்னால் பட்டறைக்குச் சீல் வைத்தார்கள். கிலோ மண்ணில் நிக்கல் இருபது மில்லிகிராமுக்குக் கீழே வரும்வரை தோண்டி அள்ளு, பிறகு திற என்று உத்தரவு. சொந்தக்காரர் பட்டறை, வேறு ஆளை அனுப்புங்கள் என்று இவன் சொல்லிப் பார்த்தான். மண்ணுக்கு மாமன் மச்சான் தெரியாது என்று மேலாளர் சிரித்து அனுப்பிவிட்டார்.

முதல் அடி மண் இருநூறு காட்டியது. அது கசிவுதான், மச்சானே ஒப்புக்கொண்டார். இரண்டாம் அடியில் அறுபது. அதற்குக் கீழே எவ்வளவு தோண்டினாலும் அதே அறுபது. ஆள் வைக்கக் கட்டுப்படியாகாமல் அவரே மண்வெட்டியோடு இறங்கி ஏழடி போயிருந்தார். உள்ளே நின்றால் தலை வெளியே தெரியாது. நான்கு பக்கமும் ஈரக் களிமண், மூச்சு முட்ட நெருங்கி நின்றது.

குழிக்குள்ளிருந்து அவர் கேட்டார்.

"மாப்ள, நீ மண்ணோடவே கெடக்கிறவன். தொட்டித் தண்ணி ஏழடிக்கா எறங்கும்? அதுவும் இந்தக் களியில?"

"எறங்காது மச்சான்."

"அப்ப எங்கேர்ந்துதான் வருது?"

எங்கிருந்தும் வரவில்லை. இந்தக் களிமண் பிறக்கும்போதே நிக்கலோடு பிறந்தது. யாரும் எதையும் கொட்டாத களியிலும் அறுபது இருக்கும். மணலில் பத்துகூடத் தேறாது. கோளாறு அந்த இருபதில்.

மூன்று வருடத்துக்கு முன்னால், இந்த வட்டாரத்து மண்ணில் இயல்பாக எவ்வளவு நிக்கல் என்று பார்க்கப் பத்துக் குழி போடச் சொன்னார்கள். வரைபடத்தில் ஆறு களிமண்ணில், நாலு கால்வாயோர மணலில். களியில் முதல் குழியைத் தொடங்கியதுமே கம்பி சிக்கித் தோள் பிசகியது. மாலைக்குள் பைகள் லேபுக்குப் போயாக வேண்டும். பத்தையும் மணலிலேயே எடுத்து, பைகளில் வரைபடத்துக் குழி எண்களை எழுதிக் கொடுத்துவிட்டான். அந்த மணலை வைத்துத்தான் எல்லோருக்கும் இருபது என்று வரம்பு கட்டினார்கள்.

இதையெல்லாம் குழி விளிம்பில் குந்தி உட்கார்ந்து சொல்லி முடித்தான். மச்சான் திட்டவில்லை. அதுதான் தாங்கவில்லை.

"நடந்தத ஆபீசுல எழுதிக் குடுத்தா?" என்றார்.

"வேல போயிடும். மறுபடி மண்ணெடுத்து வரம்ப மாத்த ஒரு வருஷமாவது ஆகும்."

பட்டறை மூடிய நாளிலிருந்து இரண்டு வீட்டிலும் உலை கொதிப்பது இவன் சம்பளத்தில். அது இருவருக்கும் தெரியும்.

"எழுதுன்னும் சொல்ல முடியல, எழுதாதேன்னும் சொல்ல முடியல. நல்லா மாட்டி வச்சிட்டடா என்னைய." மச்சான் மண்வெட்டியை எடுத்துச் சுவரோரம் நகர்ந்து இடம் விட்டார். "வா. வந்த வேலயப் பாரு."

ஏணி வழியாக இறங்கினான். இரண்டு பேர் நிற்க அங்கே இடம் போதவில்லை. மச்சானின் மூச்சு பிடரியில் பட, கம்பியை முறுக்கி ஒரு பிடி களிமண் எடுத்துப் பையில் போட்டு, ஏழாவது அடி என்று எழுதினான். லேபில் இதுவும் அறுபதுதான் காட்டும்.

களிமண்ணில் போடாமல் விட்ட அந்த ஆறு குழிகளை அவன் மச்சானுக்கு இன்னும் பாக்கி வைத்திருக்கிறான்.