நடுவில் நிற்கும் கைப்பிடி

1

இந்தக் கதையை ஒரு ஃபிட்டரிடமிருந்து எடுத்துக்கொண்டேன். கொடுத்தார் என்று சொல்ல முடியாது. அவர் பேசினார், நான் விடவில்லை. முதல் வரியாக ‘காற்று யாருக்கும் சொந்தமில்லை’ என்று எழுதி அடித்துவிட்டேன். அவர் சொன்ன மரப்பட்டறையில் இரண்டு பேர் அதற்குச் சொந்தம் கொண்டாடுகிறார்கள்.

2

ஃபேன் ஒன்றுதான். மரத்தூளை உறிஞ்சும் பெரிய குழாய் கூரையடியில் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று அறுவை மெஷினுக்கு, அங்கே கொழுந்தன். மற்றது தேய்ப்பு மேஜைக்கு, அங்கே அண்ணி. பிரியும் இடத்தில் உள்ளே ஒரு தகடு, வெளியே அதைத் திருப்பும் கைப்பிடி. ஒரு பக்கம் கூடினால் மறுபக்கம் குறையும். (இங்கே குடும்பத்தை உவமையாக்க இருந்தேன். அவர்களே குடும்பம்தான், விட்டுவிட்டேன்.)

தூள் இப்படியே உள்ளே போனால் வேலையை விடவேண்டியதுதான் என்று அண்ணியிடம் டாக்டர் சொல்லியாயிற்று. [நுரையீரல் பற்றி ஒரு பத்தி: நீக்கம். அவளே அதைப் பேசுவதில்லை.]

“கைப்பிடியத் தொட்டீங்களா அண்ணி?”

“நான் தொடல தம்பி. உங்களுக்குப் பயந்து அதுவா திரும்பிக்கிச்சு.”

3

ஃபிட்டர் வரவழைக்கப்பட்டார். இரண்டு குழாய் வாயிலும் காகிதத் துண்டைப் பிடித்துப் பார்த்தார். அண்ணி பக்கத்துக் குழாய் நீளம். இரண்டு வளைவு வேறு. இரு பக்கமும் சமமாக இழுக்க, தகட்டை அறுவைப் பக்கம் சாய்க்க வேண்டியிருந்தது. சாய்த்தார். இரண்டு காகிதமும் ஒரே மாதிரி ஒட்டின.

கொழுந்தன் கைப்பிடியை மட்டும் பார்த்தான்.

“என் பக்கம் அடைச்சிட்டு, இதுக்குப் பேரு சமமாண்ணே?”

“காகிதத்தப் பாருப்பா.”

“காகிதம் ஆயிரம் சொல்லும். நட்ட நடுவுல வைங்க, ஒத்துக்கறேன்.”

நடுவில் வைத்தால் அண்ணியின் காகிதம் விழுகிறது. ஃபிட்டர் நான்கு தடவை காட்டினார். நான்கு தடவையும் கொழுந்தன் குனிந்து எடுத்துக்கொடுத்தானே தவிர நம்பவில்லை.

4

முடிவு ஒன்று: கொழுந்தன் மனம் திரு— இல்லை. அவனை எனக்குத் தெரியும்.

முடிவு இரண்டு: அவன் டீ குடிக்கப் போனான். ஃபிட்டர் ஏணியேறி, தகட்டைச் சாய்வாகவே இறுக்கிவிட்டு, கைப்பிடியை மட்டும் கழற்றி நடுவில் மாட்டினார்.* ஏணியைப் பிடித்துக்கொண்டது அண்ணி.

கொழுந்தன் வந்தான். அண்ணாந்து பார்த்ததும் முகம் தெளிந்தது.

“இதத்தான கேட்டேன். நீங்களே சொல்லுங்க அண்ணி, தகடு நடுவுலதான இருக்கு? நீங்க சொன்னா நம்பிடறேன். மேல ஏறிப் பாக்க மாட்டேன்.”

* தொழிலில் இது தப்பு. அடுத்து வரும் ஃபிட்டர் கைப்பிடியைத்தான் நம்புவார். இதைச் சொல்லும்போது இவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

5

அந்த நேரம் பார்த்து ஃபிட்டர் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாராம். அவள் பதில் அவருக்குத் தெரியாது. நான் பொய்யாக ஒன்று, உண்மையாக ஒன்று எழுதிப்பார்த்தேன். இரண்டிலும் நான்தான் பேசினேன். எனவே வரியைக் காலியாக விடுகிறேன்.

“                              ”

நிதானமாக யோசித்து நிரப்புங்கள் என்று உங்களிடம் சொல்ல ஆசைதான். ஆனால் அவள் வாயைத் திறந்தால் முதலில் இருமல்தான் வரும். அந்தத் தடுமாற்றத்தையே பதிலாக எடுத்துக்கொண்டு அவன் ஏணியில் கால் வைத்துவிடுவான்.