மறுபடி நடந்து வா

"பச்சை விளக்கு எரியுது, கண்ணு தெரியலையா? மிஷினே நான்தான்னு சொல்லுது. நடுவுல நீங்க யாரு?"

"நான் கேட்டுக்காரி. கம்பியை எடுக்க மாட்டேன். நீ அவ இல்லை."

"நான் எவளா இருந்தா உங்களுக்கென்ன?"

"அப்ப அவ இல்லைன்னு ஒத்துக்கறே."

சட்டைக் கம்பெனி வாசலில் காலை எட்டேகாலுக்கு இந்தச் சண்டை. பின்னால் முப்பது பேர் வரிசையில் நின்றார்கள். எட்டரைக்குள் உள்ளே போகாவிட்டால் அரைநாள் போச்சு, ஆனாலும் ஒருத்தரும் அவசரப்படுத்தவில்லை. காலங்கார்த்தாலே இப்படி ஒரு வேடிக்கை யாருக்குக் கிடைக்கும்?

கம்பிக்கு இந்தப் பக்கம் நாற்காலியில் இருந்தவள் கேட் அக்கா. அந்த நாற்காலியில் இருபத்திரண்டு வருஷம். அவளைவிட ஐந்து வயது மூத்த ஆட்களும் அவளை அக்கா என்றார்கள், அவளும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தையல் தெரியாத ஒருத்தி அந்தக் கம்பெனியில் உட்கார்ந்து செய்யக்கூடிய ஒரே வேலை அதுதான். காலில் நரம்பு புடைத்துச் சுருண்டு கிடந்தது. ரொம்ப நேரம் நிற்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் மகாராணி சிம்மாசனத்தைப் பிடித்துக்கொண்டிருப்பதுபோல அவள் அந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பக்கம் நின்றவள் பட்டன் பிரிவில் வேலை பார்க்கிற பெரியவளின் தங்கை. பெரியவளின் சட்டை, பெரியவளின் பை, பெரியவள் மாதிரியே வகிடு. மிஷினும் நம்பிவிட்டது, வரிசையும் நம்பிவிட்டது.

மிஷின் வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. சுவரில் ஸ்லேட்டு அளவு ஒரு பெட்டி. முன்னால் போய் முகத்தைக் காட்டினால் பச்சை எரியும், பெயர் வரும், கேட் அக்கா கம்பியை எடுப்பாள், உள்ளே போகலாம். சந்தேகம் வந்தால் மஞ்சள். அப்போது அந்த ஆளின் பழைய போட்டோ கேட் அக்காவின் மேஜைத் திரைக்கு வரும். அதையும் எதிரில் நிற்கிற முகத்தையும் ஒத்துப் பார்த்து அவள் பட்டனை அழுத்த வேண்டும். கேட் அக்காவோ திரைப் பக்கமே திரும்ப மாட்டாள்.

"ரெண்டடி பின்னால போ. மறுபடி நடந்து வா," என்பாள்.

போய் வருவார்கள். அவள் கீழே பார்த்துக்கொண்டிருப்பாள், பிறகு அழுத்துவாள். "நமக்கெல்லாம் அணிவகுப்பு, அக்காவுக்கு மரியாதை," என்று முணுமுணுத்துக்கொண்டே போவார்கள். தெருவிலும் அவளுக்கு இதே கெட்ட பெயர்தான். கடைவீதியில் மூக்குக்கு நேராக வந்து சிரித்தாலும் பேசாமல் போய்விடுவாள். வாயைத் திறந்து "என்ன அக்கா" என்றால்தான் "அட, நீயா" என்று உருகுவாள். தலைக்கனம் என்று தெரு என்றைக்கோ முடிவு கட்டிவிட்டது.

சத்தம் கேட்டு சூப்பர்வைசர் இறங்கி வந்தார். அந்த மிஷினை வாங்கவேண்டும் என்று மேனேஜரை ஆறுமாதம் அரித்தவர் அவர். அதைக் குறை சொன்னால் தன் பிள்ளையைச் சொன்ன மாதிரி முகம் சுண்டும்.

"என்ன அக்கா, பச்சை எரிஞ்சப்புறம் உங்களுக்கு என்ன பஞ்சாயத்து?"

"இது பெரியவ இல்லைங்க. அவ குதிகாலைத் தேய்ச்சு நடப்பா. இது முன்காலை ஊணித் தொத்தித் தொத்தி வருது. பெரியவ பையை வலது தோள்ல மாட்டவே மாட்டா."

சூப்பர்வைசர் திரையில் பெரியவளின் போட்டோவை வரவழைத்துப் பார்த்தார், பெண்ணைப் பார்த்தார், மறுபடி போட்டோவைப் பார்த்தார். "அவளேதான். கண்ணு, மூக்கு, மோவாய்க்கட்டை எல்லாம் அவளேதான். இன்னிக்குத் தோள் வலியா இருக்கும், மாத்திப் போட்டிருப்பா."

"ஆமா சார், தோள் வலி," என்றாள் சின்னவள்.

மேனேஜர் வந்தார். அவர் எதற்கும் கோபப்படாத ஆள், கோபப்படத் தெம்பில்லாத ஆள் என்றும் சொல்லலாம். இரண்டு பக்கமும் கேட்டுவிட்டு, "உள்ளே கூட்டிட்டுப் போய் பட்டன் மிஷின்ல உக்கார வைங்க," என்றார்.

உட்கார வைத்தார்கள். சின்னவள் மிஷினை மேலும் கீழும் பார்த்தாள். நூலைக் கையில் எடுத்தாள், வைத்தாள். மிதிக்கிற கட்டை எங்கே இருக்கிறது என்று குனிந்து தேடினாள். ஆறு வருஷம் பட்டன் தைத்த பெண் மிதிகட்டையைத் தேடுவாளா? அங்கேயே அழ ஆரம்பித்தாள். பெரியவள் அன்றைக்கு இஸ்திரிப் பிரிவுக்காரனோடு கல்யாணத்தைப் பதிவு செய்ய எழுதிக் கொடுக்கப் போயிருந்தாள். அந்த மாதம் இன்னொரு நாள் லீவு போட்டால் வேலை போய்விடும். ஒரே ஒரு நாள் வந்து உட்கார்ந்துவிட்டுப் போ என்று தங்கையைக் கெஞ்சி அனுப்பியிருந்தாள். ஒருத்தர் முகத்தை அடுத்தவர்மேல் அச்செடுத்த மாதிரி ஒரு வருஷ இடைவெளியில் பிறந்தவர்கள்.

அதோடு முடிந்திருந்தால் கேட் அக்காவுக்கு ஒரு பாராட்டாவது கிடைத்திருக்கும். ஆனால் சூப்பர்வைசருக்கு மூக்குடைந்த வலி ஆறவில்லை.

"எங்க யாருக்கும் தெரியாதது உங்களுக்கு மட்டும் எப்படி அக்கா தெரிஞ்சுது? அந்தப் போட்டோல என்ன பாத்தீங்க?"

"போட்டோவை நான் எங்க பாத்தேன்?"

சொன்ன பிறகுதான் வாய் தவறிவிட்டது என்று அவளுக்கு உறைத்தது. சூப்பர்வைசர் அவளையே பார்த்தார். அவருக்கு ஒரு பழைய சிரிப்பு ஞாபகம் வந்தது.

அக்காவின் வீட்டுக்காரர் சலூன் வைத்திருந்தார். போன வருஷம் ஒருநாள், ஆள் இல்லாத நேரத்தில் கண்ணாடி முன்னால் நின்று தன் மீசையையே எடுத்துவிட்டார். அன்று சாவியைக் கடையிலேயே மறந்துவிட்டதால் கதவைத் தட்ட வேண்டியதாயிற்று. கதவைத் திறந்த பெண்டாட்டி, "யாரு வேணும்? அவர் இன்னும் கடையிலிருந்து வரலையே," என்றாளாம். இதை அவர் மூன்று மாதம் நாற்காலியில் உட்கார்ந்தவர்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். முகத்தில் சோப்பு நுரையோடு கேட்டுச் சிரித்தவர்களில் சூப்பர்வைசரும் ஒருவர்.

"சார், ஒரு நிமிஷம்," என்று அவர் மேனேஜரின் காதில் ஏதோ சொன்னார். பிறகு மேஜைத் திரையில் ஆறு போட்டோக்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கொண்டு வந்தார்.

"இது யாரு அக்கா?"

"கட்டிங் மாஸ்டரா?"

அது மேனேஜர். பக்கத்தில் நின்றுகொண்டிருந்த மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

இரண்டாவதும் தவறு. மூன்றாவதைச் சட்டையின் கட்டத்தை வைத்துச் சொல்லிவிட்டாள். நான்காவதுக்கும் ஐந்தாவதுக்கும் கையை விரித்தாள்.

"இது?"

அவள் குனிந்து பார்த்தாள். "யாரோ வயசானவங்க. பாவம், தூங்கி நாளாச்சு போலிருக்கு. புது ஆளா?"

அது அவளுடைய போட்டோ. எட்டு மாதத்துக்கு முன்னால், மிஷின் வந்த அன்றே எடுத்தது.

சூப்பர்வைசருக்கே சங்கடமாகிவிட்டது, ஜெயித்த முகமாக இல்லை.

"இத்தனை வருஷமா எப்படிம்மா?" என்றார் மேனேஜர்.

"நூத்தி நாப்பது பேர் நடையும் எனக்குத் தெரியும் சார். இருமல் தெரியும், செருப்பு தெரியும். ஒருநாள் ஆளை மாத்தி விட்டிருக்கேனா?"

"இல்லை."

"அப்புறம்?"

"இப்ப அந்த நாற்காலிக்கு வேலையே போட்டோவை ஒத்துப் பாக்கறதுதானம்மா. மேலிடத்துல கேட்டா நான் என்ன சொல்லுவேன், நடக்கவிட்டுப் பாக்கறாங்கன்னா? நாளையிலேர்ந்து பேக்கிங்குக்குப் போயிடுங்க."

"அங்க ஸ்டூல் போட்டுக்கலாமா சார்?"

மேனேஜர் சூப்பர்வைசரைப் பார்த்தார். சூப்பர்வைசர் தரையைப் பார்த்தார். பேக்கிங்கில் ஸ்டூல் கிடையாது என்பது மூன்று பேருக்கும் தெரியும்.

அன்று சாயங்காலம் வீட்டுக்காரர் கதவைத் திறந்து உள்ளே வந்தபோது அவள் காலைச் சுவரில் தூக்கி வைத்துப் படுத்திருந்தாள். இருந்த இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னாள்.

"நான் ஒரு தமாசுக்குச் சொன்னேன்டி," என்றார்.

"தமாசு கம்பெனி வரைக்கும் நடந்தே வந்துடுச்சு."

அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். நாள் முழுக்க ஊரார் முகத்தைத் தடவித் தடவிக் கை மரத்துப்போன மனிதர். பிறகு கேட்டார். "அப்ப என்னையும் தெரியாதா?"

"தெரியாம என்ன? சாவியைப் போடறதுக்கு முன்னால ரெண்டு தடவை தொண்டையைச் செருமுவீங்க. மூணாவது படியில நிப்பீங்க."

"முகம்?"

"அது முகமாத்தான் இருக்கு. எல்லாருக்கும் ரெண்டு கண்ணு, ஒரு மூக்கு. நீங்கள்லாம் எதை வச்சுப் பிரிச்சுப் பாக்கறீங்களோ, போங்க."

அவர் எழுந்துபோய் வெந்நீர் வைத்து எடுத்து வந்து அவள் காலுக்கு ஒத்தடம் கொடுத்தார். அந்த வாரமே மறுபடி மீசை வளர்க்க ஆரம்பித்தார். அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று அவளும் சொல்லவில்லை.

பேக்கிங்கில் கேட் அக்கா ஐந்து மாதம் நின்றாள். முதுகுக்குப் பின்னால் யார் வந்தாலும் திரும்பாமலே பெயரைச் சொல்லுவாள், அட்டைப்பெட்டி மடிக்கிற பெண்களுக்கு அது ஒரு விளையாட்டாக இருந்தது. ஆறாவது மாதம் காலில் புண் வந்தது. வேலையை விட்டாள்.

பெரியவள் இஸ்திரிக்காரனைக் கட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டாள். அவளுடைய பட்டன் மிஷினுக்கு, மூன்று வாரப் பழக்கத்துக்குப் பிறகு, சின்னவளையே எடுத்துக்கொண்டார்கள். புதிதாகப் போட்டோ எடுக்கும் செலவுகூட இல்லை. இன்றைக்கும் அவள் அக்கா பெயரில்தான் பச்சை எரிகிறது. கேட் நாற்காலியில் சூப்பர்வைசரின் மச்சான் வந்து உட்கார்ந்தான். அவனுக்கு முகம் நன்றாகத் தெரியும், எட்டரைக்கு வர மட்டும் தெரியாது.

கேட் அக்காவும் வீட்டுக்காரரும் சலூனை விற்றுவிட்டு, மகளைக் கட்டிக்கொடுத்த ஊருக்கே குடி போனார்கள். சாமான் ஏற்றிய அன்று தெருவே வாசலுக்கு வந்தது. அதற்குள் விஷயம் எல்லோருக்கும் தெரிந்துபோயிருந்தது, எப்படித் தெரிந்தது என்று கேட்கக்கூடாது. அவள் வண்டிவரை தலை குனிந்தபடியே நடந்தாள். ஒவ்வொரு செருப்பாகப் பார்த்து, ஒவ்வொருத்தரிடமும் அவரவர் விஷயத்தைச் சரியாகக் கேட்டு, கையைப் பிடித்து விடைபெற்றாள்.

எதிர்வீட்டுக்காரியை மட்டும் தாண்டிப் போய்விட்டாள். வழியனுப்ப வருகிறோமே என்று அவள் அன்றைக்குத்தான் புதுச் செருப்பு போட்டு வந்திருந்தாள். வாயைத் திறந்து கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. "பாத்தியா, போகும்போதுகூடத் தலைக்கனம்," என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.