அனுஷ்கா கேட்ட கல்

ரீட்டா ஸ்கூட்டியைக் கல்லறைத் தோட்டத்து வாசலிலேயே போட்டுவிட்டு ஓடினாள். ஸ்டாண்டு போட நேரமில்லை. வேலியோரம், பேரில்லாத அந்த மண்மேட்டின் ஒரு முனையில், கொத்தனார் ஒச்சாண்டி கடப்பாரையை ஓங்கியிருந்தார்.

"அண்ணே, நிறுத்துங்க."

ஒரு குத்து ஏற்கெனவே விழுந்திருந்தது. இரண்டாவது, பாதி வழியில் நின்றது.

வெள்ளிக்கிழமை வருவதாகச் சொன்ன மனுஷன் புதன்கிழமையே வந்துவிட்டார். கம்பம் டவுனில் தளம் போடுகிற வேலை ஒன்று குறுக்கே வந்துவிட்டதாம். பக்கத்தில் வைக்கோல்மேல் படுத்திருந்தது கறுப்புக் கிரானைட் கல். அதில் ஒரு சிலுவை, சிலுவைக்குக் கீழே 'வியாகுலமேரி' என்று பொன்னெழுத்து. மேட்டின்மேல் காலை நீட்டி உட்கார்ந்து, எழுத்துக்குள் ஒட்டியிருந்த பொடியைத் துப்பட்டா நுனியால் துடைத்துக்கொண்டிருந்தாள் அனுஷ்கா. ரீட்டா வேலை பார்க்கும் அநாதை இல்லத்திலேயே வளர்ந்தவள். ஞாயிற்றுக்கிழமை மதுரைக்குப் போகிறாள், நர்சிங் படிக்க.

"ஜெபம் பண்ணாம தோண்டக் கூடாதுன்னு சொல்லத்தான ஓடியாறீக, ரீட்டாம்மா? அதெல்லாம் பண்ணியாச்சு" என்று சிரித்தாள்.

ரீட்டா மூச்சு வாங்க மேட்டருகே வந்து நின்றாள். வியாழக்கிழமை ராத்திரி ஜெபம் முடிந்ததும் பிள்ளையைத் தனியே கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று வைத்திருந்தாள். போன வியாழனும் அப்படித்தான் வைத்திருந்தாள்.

எல்லாம் அந்த வீடியோ காலில் வந்த வினை. இல்லத்துப் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் ஜெர்மனியில் ஒரு குடும்பம் உண்டு. படிப்பும் துணிமணியும் அவர்கள் உபயம். அனுஷ்காவுக்கு வாய்த்தவர் மர்லீன், பள்ளிக்கூடத்து டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். தமிழில் 'சாப்பிட்டியா' ஒன்றுதான் தெரியும், அதையே நாலு தரம் கேட்பார். காலேஜுக்குப் போகிறாயே, என்ன வேண்டும் என்று அவர் கேட்டபோது, லேப்டாப் என்று சொல்லுவாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். "எங்கம்மா கல்லறைக்கு ஒரு கல்லு" என்றாள் அனுஷ்கா. அதை இங்கிலீஷில் மாற்றிச் சொல்ல வேண்டியவள் ரீட்டா. லேப்டாப் என்றே சொல்லியிருக்கலாம். யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் கேட்டதைத்தான் சொன்னாள். திரையில் மர்லீன் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நவம்பரில் கல்லறைத் திருநாளுக்கு நானே வருகிறேன், உன் அம்மாவுக்குப் பூப்போட வேண்டும் என்றார்.

பூப்போடுவதற்கு இங்கே வியாகுலமேரி இல்லை. அவள் இடுக்கியில் ஏலக்காய்த் தோட்டத்துக் கூலியாட்கள் குடியிருந்த லயத்தோடு சரிந்த மண்ணுக்குள் போனவள். வாரக்கணக்கில் தோண்டியும் உடம்பு கிடைக்கவில்லை. அப்பன் முன்னமே போய்ச் சேர்ந்திருந்தான். ஆறு வயசுப் பிள்ளையை ஜீப்பில் கொண்டுவந்து இல்லத்தில் விட்டார்கள். அந்த வருஷம் கல்லறைத் திருநாளில், ஊரே அவரவர் வீட்டு மேட்டில் மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருக்க, இவள் மட்டும் கையில் கனகாம்பரத்தோடு ஒவ்வொரு கல்லறையாகப் போய் "எங்கம்மா இங்கனயா?" என்று கேட்டாள். கேட்டவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ரீட்டாவால் தாங்க முடியவில்லை. கையைப் பிடித்து இந்த மேட்டுக்குக் கூட்டிவந்து, "இந்தா, இங்கன வையி" என்றாள். அவ்வளவுதான் அவள் சொன்னது. மீதியைப் பிள்ளை நம்பிக்கொண்டது. பரீட்சை மார்க்கையும், ஹாஸ்டல் சண்டையையும், பெரிய மனுஷியான சேதியையும் இந்த மண்ணிடம்தான் வந்து சொன்னது. உள்ளே இருப்பது யாரென்று தெரிந்திருந்த கோயிலின் பழைய உபதேசியாரும் செத்துப்போய்விட்டார்.

ஒச்சாண்டி பொறுமை இழந்தார். "தலைமாடு எந்தப் பக்கம்னு மட்டும் சொல்லுங்க தாயி. ரெண்டடி எறங்கினாத்தான் கல்லு நிக்கும்."

ரெண்டடி என்றதும் ரீட்டா கடப்பாரையை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். போய் ஒரு டீ குடித்துவிட்டு வரச் சொல்லி அவரை அனுப்பிவைத்தாள். செத்தவுக வீட்டுல கூட இம்புட்டு தாமசமில்லை என்று முனகிக்கொண்டே அவர் போனார்.

வேலிக்கு அப்பால் திராட்சைப் பந்தலில் யாரோ மருந்து அடிக்கிற மோட்டார் இரைந்தது. ரீட்டா மேட்டுக்கு மறுபக்கம் உட்கார்ந்தாள்.

"உங்கம்மா இங்கன இல்ல ஆத்தா."

சொல்லிவிட்டாள். லயத்தை, மழையை, அந்தக் கனகாம்பரத்தை, ஒன்று விடாமல் சொன்னாள். துப்பட்டா கல்லின்மேல் அசையாமல் கிடந்தது. அழுவாள் என்று நினைத்தாள். அனுஷ்கா அழவில்லை. வெயிலைப் பார்ப்பதுபோல் கண்ணை இடுக்கி அவளையே பார்த்தாள்.

"அப்ப இத்தன வருசமா என்னைய கிறுக்கியாக்கி வேடிக்கை பாத்தீகளா?"

"இல்லடா."

"ஆரும் இல்லாத மேடா இது?"

இல்லை என்று ரீட்டா தலையை ஆட்டினாள்.

"அப்ப உள்ள இருக்கிறது ஆரு? ஆருகிட்டத்தான் நான் பேசிக்கிட்டிருந்தேன்?"

கடப்பாரை குத்திய குழிக்குள் ரீட்டா மண்ணைத் தள்ளினாள். உள்ளங்கையால் அமுக்கினாள். எடுத்த கையை மறுபடி அங்கேயே வைத்தாள்.

"எம் மகன்" என்றாள். "ஒரு பகல்தான் இருந்தான். ஞானஸ்நானம் குடுக்க முந்தியே போயிட்டான். அப்படிப் போன பிள்ளைகளை வேலியோரந்தான் வைப்பாக. பேரு கூட வைக்கல."

அனுஷ்கா மேட்டின்மேல் நீட்டியிருந்த கால்களை, கொலுசு சத்தம் கேட்காமல், மெல்ல மடக்கிக்கொண்டாள்.