ஒரே கண்டு நூல்

மார்ச் ஒன்றாம் தேதி என்றாலே எனக்குப் பயம். எங்கள் பல்கேரியாவில் அன்று ஒருவர் கையில் ஒருவர் சிவப்பும் வெள்ளையுமாகக் கம்பளி நூல் கட்டி வாழ்த்துவார்கள்; வசந்தத்தின் முதல் நாரையைப் பார்த்த பிறகுதான் அவிழ்ப்பார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் முழங்கை வரை கட்டிக்கொண்டு திரும்பும். போன வருடம் என் மகள் சோர்னித்சா கையில் ஒன்றே ஒன்று. அதுவும் டீச்சர் கட்டியது.

அவளுக்கு எட்டு வயது. பிறவியிலேயே வலது கை மடங்கியிருக்கும், விரல் விரியாது. ஒற்றைக் கையால் முடிச்சுப் போட முடியாது. 'நீ எனக்குக் கட்ட மாட்டே, நான் ஏன் உனக்குக் கட்டணும்?' இதுதான் இரண்டாம் வகுப்பின் நியாயம்.

இந்த வருடம் விடக்கூடாதென்று வகுப்பில் தலைக்கு ஒன்றாக இருபத்திரண்டு நூல் முறுக்கி அவள் பையில் போட்டேன். அதோடு நின்றிருக்கலாம். மிச்ச நூலில் மூன்று முறுக்கி, காலையில் அவள் இடது மணிக்கட்டில் கட்டினேன்.

"யாராவது கேட்டா வர்ணா ஊரு மாமா, நெதா அத்தை, எதிர்வீட்டு அக்கா கட்டினாங்கன்னு சொல்லு."

"பொய்தானேம்மா?"

"வெறுங்கையோட போறதுக்கு இது மேல். பேசாம போடி."

வழக்கம்போல வலது கையைச் சட்டைக் கைக்குள் இழுத்து மறைத்துக்கொண்டு போனாள்.

நான் வேலை செய்யும் ரொட்டிக்கடையில் இரண்டு தட்டு பனித்சா என்ற பாலாடைக்கட்டி ரொட்டியைக் கருக்கினேன். "புத்தி எங்க மேயப் போச்சு?" என்று முதலாளி கத்தினார். வேறெங்கே, பள்ளிக்கூடத்துக்குத்தான். மணி அடிக்குமுன்பே வாசலில் போய் நின்றேன்.

முதலில் அவள் வகுப்பு யோவானா கை நிறைய நூலோடு வந்தாள். என்னைப் பார்த்ததும் பக்கத்துப் பெண்ணை இடித்துச் சிரித்தாள்.

கடைசியாக வந்தாள் என் மகள். இடது கையில் அதே மூன்று. பையும் குறைந்ததாகத் தெரியவில்லை.

"என்னடி ஆச்சு?"

"யோவானா கண்டுபிடிச்சுட்டா. கையில இருக்கறதும் பையில இருக்கறதும் ஒரே கண்டு நூல்னு. 'அம்மா கட்டின மாமா, அம்மா கட்டின அத்தை'ன்னு எல்லாரும் பாடினாங்க."

என் கெட்டிக்காரத்தனத்தில் இடி விழ! என் பிள்ளைக்கு நானே வினை வைத்தேனே.

"லாச்சோவுக்கு மட்டும் கட்டினேன்," என்றாள். லாச்சோ அவள் பெஞ்சில் உட்காரும் திக்குவாய்ப் பையன். "ஒரு முனை பல்லால, ஒரு முனை கையால. நாய் கடிக்குதுன்னு சிரிச்சாங்க. அவன் கையை எடுக்கவே இல்ல."

பிறகு வலது சட்டைக் கையை மேலே தள்ளினாள். யாருக்கும் காட்டாத அந்த மணிக்கட்டில் கோணல் முடிச்சோடு ஒரு நூல்.

"அவன் கட்டினான். பொய் கட்டின கையில வேணாம்னு நான்தான் இதை நீட்டினேன்."



"இந்த மூணையும் எடுத்துடும்மா."

"நாரையைக் கண்ணால பார்க்காம அவிழ்க்கக் கூடாதுடி."

"எடும்மா."

வானத்தில் ஒரு காக்கைகூட இல்லை. முடிச்சு என் நகத்துக்கு அசையவில்லை.

"பல்லால கடி," என்றாள்.

யோவானாவும் அவள் அம்மாவும் பார்த்துக்கொண்டே நின்றார்கள். வெட்கம் பிடுங்கித் தின்றது. குனிந்து கடித்தேன்.