கேப்டன் கையில் சாவி

1

டமால்!

மைதானத்தில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பினோம். எங்கள் கேப்டன் உஷியாமா-சானின் வேன் பின்பக்கமாகவே வந்து, பந்தும் மட்டையும் வைக்கிற கொட்டகைச் சுவரில் முட்டி நின்றது. ஓடினோம். அவர் இறங்கிச் சுவரைப் பார்த்தார். யாராவது ஏதாவது சொல்லியாக வேண்டும்.

"பழைய சுவர்" என்றார் இவாவோ. ஓய்வுபெற்ற தபால்காரர்.

"ஆமா ஆமா, இதை எப்பவோ இடிச்சிருக்கணும்" என்றார் ஹிசாகோ. முன்னாள் நர்ஸ்.

இந்தக் கதை அங்கேதான் தொடங்கியது. ஆனால் பத்திரிகை ஆசிரியர் என்னிடம் கேட்டது இதை இல்லை. 'ஜப்பான்லயே இருக்கீங்க. இலையுதிர்காலம், முதியோர், ஆரோக்கியம், பொழுதுபோக்கு, இதையெல்லாம் சேர்த்து ஜாலியா ஒரு கதை கொடுங்க' என்றார்.

2

ஜாலியாகத்தான் தொடங்கினேன்.

"மலையெல்லாம் இலைகள் சிவக்கும்போது, எண்பது வயது இளைஞர்கள் மட்டையைத் தூக்கிக்கொண்டு—"

வேண்டாம். எண்பது வயதில் யாரும் இளைஞர் இல்லை. முட்டி வலிக்கிறது.

"கேட்பால் விளையாடினால் ரத்த அழுத்தம் குறையும் என்பது—"

தோற்ற அன்று ஏறுகிறது. நானே பார்த்திருக்கிறேன்.

நேராகவே சொல்லிவிடுகிறேன். கேட்பால் என்பது இதுதான்: நீளமான கைப்பிடி போட்ட சுத்தியல் மாதிரி ஒரு மட்டை. தரையில் இரும்பு வளைவுகள். அணிக்கு ஐந்து பேர், ஆளுக்கு ஒரு பந்து, பந்தில் எண். எங்கள் பந்துகள் சிவப்பு, எதிரணிக்கு வெள்ளை. உங்கள் பந்து இன்னொரு பந்தைத் தொட்டுவிட்டால், அதை நீங்கள் விரும்பிய பக்கம் விரட்டலாம்.

(தப்பு. கேப்டன் விரும்பிய பக்கம். அவர் கத்துவார், நீங்கள் அடிப்பீர்கள். எங்கள் ஊரில் கேப்டனிடம் மறுத்துப் பேசுகிற வழக்கம் இல்லை.)

3

கேப்டன் உஷியாமா டொகுசோ. எண்பதைத் தாண்டியவர். அவர் மனைவி ஃபுமியே. இவாவோவையும் ஹிசாகோவையும் பார்த்துவிட்டீர்கள். ஐந்தாவதாக ஒருவர் இருக்கிறார். கதைக்குத் தேவையில்லை, அணிக்குத் தேவை. நான் புள்ளி எழுதுகிறவன்.

ஃபுமியேயை முதல் பிரதியில் ஒன்றும் தெரியாத மனைவியாக எழுதியிருந்தேன். கிழித்துப் போட்டேன். காரணம், வேனின் முன் இருக்கையில் அவர் பேசுகிற பேச்சு.

"இடது பக்கம் பாருங்க, அந்த வீட்டுல பெர்சிமன் பழுத்துடுச்சு."

கேப்டன் வேனை இடது பக்கம் திருப்புவார்.

"பாலத்துக்கு அந்தப் பக்கம் இலையெல்லாம் எப்படிச் சிவந்திருக்கு!"

வேன் பாலம் ஏறும்.

கோடையிலிருந்து இப்படித்தான். முதலில் ரசனை என்று நினைத்தேன். பிறகு ஒருநாள் ஃபுமியேயின் தொண்டை கட்டிக்கொண்டது. அன்று நாங்கள் ஒரே அரிசி ஆலையை மூன்று முறை கடந்தோம்.

ஹிசாகோவைத் தனியாகப் பிடித்தேன்.

"நீங்க நர்ஸா இருந்தவங்க. கேப்டனைப் பத்தி டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலாமே?"

"சொல்லலாம். அப்புறம் என்னை யார் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போவாங்க? உங்க தோள்ல ஏறிப் போகவா?"*

* ஊருக்கு வந்துகொண்டிருந்த பேருந்து நின்றுவிட்டது. மருத்துவமனை, கடை, வெந்நீர் ஊற்று, எல்லாவற்றுக்கும் அந்த வேன்தான். லைசென்ஸ் இன்னும் வைத்திருப்பவர் கேப்டன் ஒருவர்தான். எனக்கு ஒரு கண்ணில் பார்வை இல்லை. மற்றொன்றால் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

4

இலையுதிர்காலப் போட்டி. மலைக்குக் கீழே, பக்கத்து ஊரில். கடைசி ஆட்டத்தின் கடைசி நிமிடம். ஃபுமியேயின் பந்து, ஏழாம் எண் பந்தைத் தொட்டு நின்றது. ஏழு, சிவப்பு. ஹிசாகோவுடையது. வளைவுப் பக்கம் அனுப்பினால் கோப்பை எங்களுக்கு.

"மூணாம் நம்பர்!" என்று கேப்டன் மனைவியைப் பார்த்துக் கத்தினார். "அந்த ஏழாம் நம்பரைக் கோட்டுக்கு வெளியே அடி!"

ஃபுமியே குனிந்து பந்தைப் பார்த்தார். நிமிர்ந்து கணவரைப் பார்த்தார்.

"சரிங்க, கேப்டன்."

அடித்தார். எங்கள் பந்து கோட்டைத் தாண்டி உருண்டது. ஜெயித்த எதிரணிக்கே கைதட்டத் தோன்றவில்லை.

"காத்து ஜாஸ்தி" என்றார் இவாவோ. இலைகூட அசையவில்லை.

தண்ணீர்க் குழாயடியில் ஃபுமியேயிடம் கேட்டேன். "அது நம்ம பந்து இல்லையா?"

"நிறம் எனக்குத் தெரியும், தம்பி. நான் அடிக்காம நின்னிருந்தா எல்லாரும் அவரைப் பார்த்திருப்பாங்க. அடிச்சேன், என்னைப் பார்த்தாங்க."

அப்போது மட்டையைத் துடைத்தபடி கேப்டன் வந்தார். எல்லோர் காதிலும் விழுகிற மாதிரியே சொன்னார்.

"இவளுக்கு வயசாயிடுச்சுப்பா. சிவப்பும் வெள்ளையும் தெரியல. அடுத்த வருஷம் வேற ஆளைப் போட்டுக்கலாம்."

அடிக்கச் சொன்னது தான்தான் என்பதை மறந்து சொன்னாரா, நினைவோடு சொன்னாரா? எனக்கு இன்னும் தெரியாததால் அதை எழுதவில்லை. தெரிந்தது ஒன்று: ஹிசாகோ மறுக்கவில்லை. இவாவோ ஷூ லேஸைக் கட்டினார். ஏற்கெனவே கட்டியிருந்த லேஸ்.

ஃபுமியே கையைத் துடைத்துக்கொண்டு போய் வேனின் முன் இருக்கையில் உட்கார்ந்தார்.

5

முடிவுகள்.

அ) ஹிசாகோ கையை நீட்டி, "சாவியைக் கொடுங்க, கேப்டன்" என்கிறார். அவரும் கொடுத்துவிடுகிறார். (ஆசிரியருக்குப் பிடிக்கும். எனக்கும்தான். ஆனால் ஹிசாகோவுக்கு வியாழக்கிழமை மருத்துவமனைக்குப் போக வேண்டும்.)

ஆ) மலைப்பாதையில், இரண்டாவது வளைவில், வேன்—

எழுத மாட்டேன்.

இ) நான் வேனில் ஏறாமல் போய் டாக்ஸி பிடிக்கிறேன். (நானும் உள்ளே ஏறி உட்கார்ந்துவிட்டேன். அதுதான் நடந்தது.)

ஆகவே, எது வரை நடந்ததோ அது வரைதான் தருகிறேன். வேனில் ஒரு இருக்கை காலி. ஏறிக்கொள்ளுங்கள். மடியில் ஹிசாகோ கொடுக்கிற கஷ்கொட்டைச் சோற்றுருண்டை, சூடு ஆறியிருக்கும். சாவி போட்டாகிவிட்டது, இன்ஜின் ஓடுகிறது. எதிரே சாலை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று ஆற்றங்கரைக்கு, ஒன்று மலைக்கு. இடது பக்க வீட்டில் மரம் நிறையப் பெர்சிமன் பழுத்துத் தொங்குகிறது. ஃபுமியே அதைப் பார்க்கவில்லை. தன் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இவாவோ சொல்ல மாட்டார். ஹிசாகோ சொல்ல மாட்டார். நான் எழுதிக்கொண்டிருக்கிறேன். வாய் திறப்பதானால் நீங்கள்தான் திறக்க வேண்டும்.

இதுவரை எங்களிடம் எதையும் கேட்டே அறியாத கேப்டன், இருக்கையில் மெதுவாகப் பின்னால் திரும்பினார்.

"ஏம்ப்பா... நம்ம வீடு எந்தப் பக்கம்?"